எங்கள் வீட்டு ஒயினுக்கு ஒன்பதுக்கு ஒன்பது

ஒயின் ருசி பார்க்கும் விருந்து நடத்துகிறவளுக்குப் பாட்டிலைத் திறப்பது ஒரு வேலையே இல்லை. குடித்தவர் வாயிலிருந்து ஒரே ஒரு உண்மையை வரவழைப்பதுதான் வேலை.

வீட்டுக்கு விருந்தாக வந்த ஒறம்பரையிடம் "சாம்பார் எப்படீங்க?" என்று கேட்டு, "நெம்ப நல்லாருக்குதுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அவர்கள் தெருமுனை தாண்டியதும் தானே ஒரு வாய் வைத்துப் பார்த்து உப்பே போடவில்லை என்று கண்டுபிடித்த எல்லாரும் என் இனம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு நாள் சாம்பாரோடு போயிற்று. எனக்கு முதுகலைப் பட்டமே அந்த "நெம்ப நல்லாருக்குதுங்க"வில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

விஷயம் இதுதான். நான் சேலத்தில் உணவு அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒயின் பழக்கமில்லாதவர்கள், ஆய்வகத்தில் இல்லாமல் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ருசித்தால், ஒயினை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது என் ஆய்வு. வீடு என்றால் எங்கள் வீடு, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். நான்கு ஒயின், வாரத்துக்கு எட்டுப் பேராக நாற்பது பேர், ஆளுக்கு ஒரு தாள். நிறம், மணம், ருசி மூன்றுக்கும் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் மார்க். நாக்கு சுறுசுறுப்பாக இருப்பது முற்பகலில் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு விருந்து. பருவம் முடிவதற்குள் உருப்படியான நாற்பது தாள் வராவிட்டால் தலைப்பு கைமாறிவிடும். எனக்குக் கிடைக்கப்போவது முட்டை ஓட்டுப் பொடி கலந்த பிஸ்கட். எங்கள் துறையில் அந்தத் தலைப்பு வருடா வருடம், அதிகமாக வாதாடுகிற பிள்ளையின் தலையில் வந்து விழும். நாமக்கல் பக்கம் முட்டை ஓட்டுக்குப் பஞ்சமா என்ன.

அம்மாவின் நிபந்தனை

அம்மாவோடு மூன்று நாள் வாதாடினேன். ஒரு ஆளுக்கு ஒரு ஒயினில் இரண்டு மேசைக்கரண்டிதான் ஊற்றுவேன், எல்லாரும் விவரம் தெரிந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள், இருபத்தொரு வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை, இது படிப்பு, கொண்டாட்டம் இல்லை. லாரி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் அப்பா முதல் நாளே கடைக்குப் போய் ஒளிந்துகொண்டார். நான்காம் நாள் அம்மா ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: வந்தவர்கள் யாரும் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. சரி என்றேன். அங்கேதான் தோற்றேன் என்பது அப்போது தெரியவில்லை.

ஒயின் ருசிப்பவர்களுக்கு நடுவில் கொடுக்க வேண்டியது உப்பில்லாத ரொட்டித் துண்டும் தண்ணீரும் மட்டுமே. முதல் ஞாயிறு நான் உள்ளே கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் எட்டுப் பேர் கையிலும் எட்டுத் தட்டு. தட்டில் பள்ளிபாளையம் சிக்கன். தேங்காய்ச் சில்லும் வரமிளகாயும் சரிக்குச் சரி. எட்டு நாக்கும் தீப்பிடித்து நிற்கிற நேரத்தில் நான் ஒயின் தட்டோடு போய் நின்றேன். வெள்ளை, ரோஜா நிறம், சிவப்பு, இனிப்பு என்று வரிசையாகக் கொடுத்ததை வரிசையாக விழுங்கினார்கள். அப்பாவின் நண்பர், நூல் மில் சூப்பர்வைசர், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பாராட்டினார்:

"காரத்துக்கு எல்லா ஊட்லயும் மோருதான் குடுப்பாங்க. நீங்க கலர் கலராக் குடுக்கறீங்க. நல்ல கவனிப்புங்க."

மூக்கு

அடுத்த ஞாயிறு சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வந்தவர்களை வட்டமாக உட்காரவைத்து வகுப்பே எடுத்தேன். கோப்பையின் காம்பைப் பிடிக்க வேண்டும், மெதுவாகச் சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும், பிறகு ஒரு மடக்கு எடுத்து நாக்கின் மேல் உருட்ட வேண்டும். நானே செய்தும் காட்டினேன். சர்க்கஸ் பார்க்கிற மரியாதையோடு பார்த்தார்கள். பிறகு எட்டுப் பேரும் ஒன்றுபோலக் கோப்பையை உதட்டுக்கு ஒரு சாண் மேலே தூக்கி, தலையை அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டார்கள். அந்த ஒயினுக்கு நாக்கு என்று ஒன்று நடுவில் இருந்ததே தெரிந்திருக்காது. மணம் என்ற கட்டத்தில் எல்லாரும் ஒன்பது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆளுக்கொரு கோப்பை, இன்னொருவர் குடிக்கப் போவதில்லை, கொதிநீரில் கழுவுகிறோம், இதில் எச்சில் எங்கே வந்தது என்று கேட்டேன். போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர் வரை போய் வந்த பெரியப்பா ஒருவர் இருந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை, ஊர்முறைக்குப் பெரியப்பா. நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். கோப்பையைத் துண்டால் துடைத்துத் தட்டில் வைத்தார். பிறகு சொன்னார்:

"ஒறம்பர ஊட்ல மூக்க உட்ட கிளாச அப்பறம் யாரு அம்மிணி தொடுவாங்க? உனக்குங் கட்டிக் குடுக்கற வயசு. இப்பிடி மூக்க உட்டுக் குடிக்கச் சொன்னன்னு வெளிய சொல்லிட்டுத் திரியாத."

வாசலுக்கு அந்தப் பக்கம்

ருசித்த ஒயினை விழுங்கக் கூடாது, துப்ப வேண்டும் என்பது இந்தத் தொழிலின் விதி. நான்காவது ஒயின் வரைக்கும் நாக்கும் தலையும் தெளிவாக இருக்க வேண்டுமே. பளபளவென்று புது எவர்சில்வர் வாளி நான்கு வாங்கி இரண்டு பேருக்கு ஒன்றாக வைத்தேன். மூன்றாம் ஞாயிறு, முதல் வாரம் வந்த மில் சூப்பர்வைசரை மறுபடி கூப்பிட்டிருந்தேன். அவருடைய முதல் தாள் முழுக்க மிளகாய்தான் மார்க் போட்டிருந்தது. இந்த முறை சொன்னபடி கேட்பார் என்று நம்பினேன். கேட்டார். ஒயினை வாயில் வாங்கினார், உருட்டினார், வாளியைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அம்மா வந்து, "ஊட்ல எல்லாருஞ் சௌக்கியங்களா?" என்று கேட்க, கன்னம் இரண்டும் உப்பியபடி கைகூப்பித் தலையாட்டினார். கண்ணில் தண்ணீர். பிறகு எழுந்து கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கேட்டைத் திறந்து, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்து, எதிர்ப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

அவரைப் பார்த்து மற்ற ஏழு பேரும். நான்கு ஒயினுக்கு நான்கு நடை. எங்கள் கேட்டில் கன்னம் உப்பிய ஆண்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உள்ள தண்ணி வரலீங்களா? எங்கூட்ல வாய் கொப்புளிச்சுக்கலாமுங்க" என்று குடத்தோடு வந்துவிட்டார். கழுவித் துடைத்த வாளியைத் தூக்கிக் காட்டி, இதில் துப்பினால் என்ன குறைந்துவிடும் என்று சூப்பர்வைசரிடம் மல்லுக்கு நின்றேன். சட்டம் படித்தவர் மாதிரி விளக்கினார்:

"வாசலுக்குள்ள துப்புனா அது உங்களுக்குத் துப்புனது. வாசலத் தாண்டித் துப்புனா அது ரோட்டுக்குத் துப்புனது. நா எதுக்குங்க உங்ககூடச் சண்டைக்கு வரோணும்?"

மேடத்தின் மேசையில்

மூன்று ஞாயிறு, இருபத்து நான்கு தாள். மேற்பார்வை செய்கிற மேடத்தின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். முதல் தாளைப் பார்த்தார். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. இரண்டாவது, அதேதான். பத்தாவது தாளுக்கு மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "பிற கருத்துகள்" என்ற இடத்தில் ஒருவர் "குடும்பத்தார் அனைவருக்கும் நன்றி" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "தங்கள் மகள் மேன்மேலும் படிக்க வாழ்த்துகள்." ஒயினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இது ருசி அறிக்கையா, கல்யாண வாழ்த்து மடலா?" என்று மேடம் கேட்டார்.

நான் விடுவேனா. கொடுத்த வீட்டில் குறை சொல்லக் கூடாது என்பது ஒரு பண்பாட்டு உண்மை, அந்த உண்மையே ஓர் ஆய்வு முடிவுதான், அதை ஏன் முடிவாக எழுதக் கூடாது என்று கால் மணி நேரம் வாதாடினேன். மேடம் குறுக்கே பேசவில்லை. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய குணம். அலமாரியிலிருந்து முட்டை ஓட்டுப் பொடி டப்பா ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பருவம் முடிய ஐந்து வாரம் இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். பிறகு தாள்களை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"மரியாதைய அளக்கறதுக்கு நாலு ஒயின் எதுக்கும்மா? ஒரு டம்ளர் தண்ணி போதுமே."

எட்டு

ருசிப்பவர்களுக்கு ஒயினின் பெயர் தெரியக் கூடாது. அதனால் ஒவ்வொரு கோப்பைக்கும் மூன்று இலக்க எண் ஒன்று ஒட்டுவோம். என்னுடையவை 341, 527, 912, 683. சும்மா கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியவை. நான்காம் ஞாயிறு வந்தவர்களில் செல்வராசு மாமாவும் ஒருவர். சங்ககிரியில் ஆறு லாரி ஓடுகிறது அவருக்கு. அவர் கொடுத்த தாளைப் பார்த்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. 527க்கு ஒன்பது, 912க்கு ஒன்பது, ஆனால் 341க்கு இரண்டு, 683க்கு இரண்டு. இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு மனிதர், எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் கண் முன்னால் இரண்டு போட்டிருக்கிறார். புளிப்பு அதிகமா மாமா, துவர்ப்பா, மணம் பிடிக்கவில்லையா என்று பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"குடிக்கவே இல்லீங்களே" என்றார். பிறகு விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். மூன்றும் நாலும் ஒன்றும் எட்டு. ஆறும் எட்டும் மூன்றும் பதினேழு, ஒன்றும் ஏழும் எட்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளே போய், அதே 341ஐ வேறு கோப்பையில் ஊற்றி 252 என்று ஒட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். கூட்டிப் பார்த்தார். ஒன்பது வந்தது. ஊற்றிக்கொண்டு ஒன்பது போட்டார். இரண்டும் ஒரே பாட்டில் மாமா, எண்ணுக்கு ருசி கிடையாது, எண் என்பது வெறும் அடையாளம் என்று நான் ஒரு மணி நேரம் கத்தியதற்கு அவர் சொன்ன பதில் இது:

"எட்டு வர்ற வண்டிய எங்கொப்பனும் எடுத்ததில்ல, நானும் எடுத்ததில்ல. ரோட்ல ஓடறதுக்கே அத்தன பாத்தா, வயித்துக்குள்ள போறதுக்குப் பாக்க வேண்டாமா சாமி?"

பெண்கள் பேசட்டும்

ஆண்களை நம்பிப் பயனில்லை என்று முடிவெடுத்தேன். இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். தினமும் மூன்று வேளை ருசி பார்க்கிறவர்கள் யார்? பெண்கள். அவர்களைக் கேட்காமல் சமையல்கட்டுப் பக்கமே போகாதவர்களைக் கேட்டது என் குற்றம். எங்கள் தெருவில் விசைத்தறி வைத்திருக்கும் மல்லிகா அக்காவையும் இன்னும் ஏழு பேரையும் கூப்பிட்டேன். இரண்டு நாள் யோசித்து, திராட்சைதானே என்று தேற்றிக்கொண்டு வந்தார்கள். ஒழுங்காகச் சுழற்றினார்கள், ஒழுங்காக உறிஞ்சினார்கள். மார்க் போடும் நேரம் வந்தது. மல்லிகா அக்கா செல்போனை எடுத்து நான்காம் ஞாயிறு வந்திருந்த தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, அன்னிக்கு நீங்க எத்தன போட்டீங்க?" என்று கேட்டார். கேட்டதை அப்படியே எழுதினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் எழுதினார்கள்.

நான் எழுந்து நின்று பேசினேன். உங்கள் நாக்கு உங்களுடையது, அவருடைய நாக்கு அவருடையது, ஓட்டுப் போடும்போதும் இப்படித்தான் கேட்டுப் போடுகிறீர்களா, படித்த பெண்கள் நாங்கள் எதற்காக இத்தனை பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பெரிய உரை. மல்லிகா அக்கா கடைசிவரை கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை:

"நா ஆறு போட்டு அவரு ஒம்போது போட்டிருந்தா, ஊட்டுக்குப் போயி அதுக்கொரு சண்ட போடோணும். எங்களுக்குச் சண்ட போட வேற நல்ல விசயமெல்லாம் நெறையக் கெடக்குது கண்ணு."

அதிரசம்

அதே நாள். தாள்களை வாங்கி அடுக்கிவிட்டு, முட்டை ஓட்டுப் பொடியை எந்தப் பிஸ்கட்டில் கலந்தால் பல்லில் நறநறக்காது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் கிளம்பும் நேரத்தில் அம்மா ஒரு தட்டில் அதிரசம் கொண்டுவந்து வைத்தார். என் கூடப்பிறந்த அக்காவை ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் மாமியார் தூக்குப் போசியில் கொடுத்துவிட்டிருந்த அதிரசம். "எங்க சம்மந்தி ஊட்லருந்து வந்துச்சு" என்று மட்டும் சொன்னார் அம்மா.

கூடத்தில் காற்றே மாறியது. மல்லிகா அக்கா ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நிறம். இரண்டாக விண்டு மூக்கருகே கொண்டுபோனார். மணம். ஒரு கடி கடித்து, கண்ணை மூடி, நாக்கின் மேல் உருட்டினார். "அரிசி ஊறுனது பத்தல. மாவு காஞ்சு போயிக் கெடக்குது" என்றார். "பாகு ஒரு கொதி தாண்டிருச்சு, அதான் ஓரம் வெறைக்குது" என்றார் இன்னொருவர். "எண்ணெய் ரெண்டாஞ் சூடு. மொதல்ல வடை சுட்டிருக்காங்க" என்றது ஒரு குரல். ஒருவர் ஏலக்காய்த் தோலைக் கூச்சமே இல்லாமல் உள்ளங்கையில் துப்பி எல்லாருக்கும் காட்டினார். துப்பினார். எங்கள் கூடத்தில், வாசலுக்கு உள்ளே. உலகத்தின் எந்த ஆய்வகத்திலும் இப்படி ஒரு ருசிக்குழு கிடைக்காது. நான் கையில் ஒன்பதாக நிரம்பிய தாள்களோடு நின்றுகொண்டிருந்தேன். ஒயினுக்கு மட்டும் ஏன் அக்கா இப்படிச் சொல்லவில்லை என்று கேட்டேன். மல்லிகா அக்காவுக்குக் கேள்வியே விளங்கவில்லை:

"ஒயினு உங்க ஊட்டுது கண்ணு. அத எப்பிடிச் சொல்றது? இது சம்மந்தி ஊட்டுது. இத நல்லாருக்குதுன்னு சொன்னா உங்கம்மா மனசு வருத்தப்படுமில்ல?"

ஒரே ஒரு வரி

மறுநாள் தாளின் தலைப்பில் ஒரு வரி சேர்த்து மேடத்திடம் நீட்டினேன்: "இந்த ஒயின்கள் உங்கள் சம்பந்தி வீட்டிலிருந்து வந்ததாக நினைத்துக்கொண்டு மதிப்பிடுக." மேடம் இரண்டு முறை படித்தார். இது ருசிப்பவர் மனதைக் கோணலாக்காதா என்றார். ஏற்கெனவே ஒரு பக்கம் கோணலாக இருப்பதை மறுபக்கம் இழுத்து நேராக்குகிறேன் என்றேன். நான்கு ஒயினுக்கும் ஒரே சம்பந்திதான், ஆகவே ஒன்றுக்கொன்று ஒப்பிடுவதில் தவறு வராது என்றேன். பொய் சொல்லவில்லை, கற்பனை செய்யச் சொல்கிறேன் என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் பழைய தாள் ஒன்றுகூடச் சேராது, புதிதாக நாற்பது. பருவம் முடிய மூன்று ஞாயிறு, இனி வாரத்துக்கு எட்டுப் பேர் போதாது, பதின்மூன்று பதினான்கு பேர் வேண்டும்.

வந்து கொட்டியது பாருங்கள். அண்ணாந்து ஊற்றிய பெரியப்பா கோப்பைக்குள் மூக்கை விட்டு இரண்டு முறை முகர்ந்தார். கூட்டுத்தொகை எட்டு வராத எண்களாகப் பார்த்து ஒட்டியிருந்தேன் (எல்லா வாதத்திலும் ஜெயிக்க முடியாது). செல்வராசு மாமா நான்குக்கும் நான்கு வேறு மார்க் போட்டார். கருத்துகள் இடம் பற்றாமல் ஓரத்தில் ஏறின. "வாய்க்குள் போகும்வரை வாசனை, போனபின் வெறும் புளி." "வாழைப்பூவைக் கடித்த மாதிரி துவர்க்கிறது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை." "இனிப்பைப் போட்டு எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள்." மில் சூப்பர்வைசர் வாளியிலேயே துப்பினார், அதுவும் சத்தமாக. தாளைக் கொடுக்கும்போது முகம் தெளிந்திருந்தது:

"எம் பொண்ணக் கட்டிக் குடுத்து அஞ்சு வருசமாச்சுங்க. இன்னிக்குத்தான் மனசுல இருந்தது எறங்குச்சு."

நாற்பதாவது தாள்

கடைசி ஞாயிறு. கையில் முப்பத்தொன்பது தாள். நாற்பதாவது ஆளாக வரவேண்டியவருக்கு ஈரோட்டில் வண்டி நின்றுவிட்டது, வரமுடியாது என்று போன். நான் தெருவில் இறங்கி யாரையாவது பிடித்து வரலாமா என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கேட் திறந்தது. ராசிபுரத்து அத்தை. அக்காவின் மாமியார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், அதிரசம் கொடுத்துவிட்ட போசியை அப்படியே வாங்கிப் போகலாம் என்று நுழைந்துவிட்டார். கூடத்தில் கோப்பைகளைப் பார்த்தார். கூட வேலை செய்த டீச்சர் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் குடித்திருப்பதாகச் சொல்லி, இது என்ன பரீட்சை என்று கேட்டார். ஆள் வேணுமா, நான் எழுதுகிறேனே என்று உட்கார்ந்தும் விட்டார். அம்மா அத்தைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தாளைக் கொடுக்காதே என்று கண்ணாலும் கையாலும் புடவைத் தலைப்பாலும் எனக்குச் சைகை காட்டினார். தலைப்பில் அந்த வரி அச்சடித்துக் கிடக்கிறது. கொடுத்தால் அக்காவின் குடித்தனத்தில் என்ன ஆகுமோ. கொடுக்காவிட்டால் நாளைக் காலை முட்டை ஓடு. அக்காவை நினைத்தேன். பொய் சொல்லித் தப்பிக்க எனக்குத் தெரியாது, அந்தக் கலையை நான் பயிலவே இல்லை. கொடுத்துவிட்டேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அத்தை கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனா ஒன்றை எடுத்தார். பிறகு நான் பார்த்தது இதுவரை தாள் எழுதிய முப்பத்தொன்பது பேரில் ஒருவரும் செய்யாதது. ஒவ்வொரு ஒயினையும் இரண்டு முறை ருசித்தார், நடுவில் ரொட்டி கடித்தார், வாளியில் துப்பினார், ஒருமுறை போட்ட ஐந்தை அடித்து நாலரை ஆக்கினார். நிறத்துக்குத் தனிக் குறிப்பு, மணத்துக்குத் தனிக் குறிப்பு. அடிக்கோடிட்டார். பின்பக்கம் திருப்பினார். அங்கே ஒயினை முடித்துவிட்டு, போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பரிமாறிய குழம்பில் தொடங்கி வரிசையாக எழுதிக்கொண்டே போனார். அம்மா மேல் அத்தைக்கு ஒரு கோபம் இல்லை, குரலில் ஒரு மாற்றம் இல்லை. பேனாவை மூடாமலே என்னிடம் கையை நீட்டினார்:

"ரெண்டு வருசமா இந்த ஊட்ல சாப்புடறன், அம்மிணி. பேப்பர் குடுத்துக் கேட்டது இன்னிக்குத்தான். இன்னொரு தாள் இருந்தாக் குடு."

அம்மா கேட்டது

மேடம் நாற்பது தாளையும் வாங்கிக்கொண்டார். அத்தையின் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்து, "இவங்கள ஆய்வகத்துக்கு வரச்சொல்ல முடியுமா?" என்று கேட்டார். பின்பக்கத்தைப் படிக்காததுபோல இருந்துவிட்டார், அது பெருந்தன்மை. முட்டை ஓட்டு டப்பா அலமாரிக்குத் திரும்பிப் போனது. அக்காவும் போனில் சிரித்தாள். வீட்டுக்குப் போனதிலிருந்து அத்தை நல்ல குஷியாக இருக்கிறாராம், மனதில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி.

பாரம் ஏறியது எங்கள் அம்மாவுக்கு. மூன்று நாள் அடுப்படியே கதி. குழம்பு, பொரியல், பாயசம் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதரின் கருத்துச் சுதந்திரம் என்று நான் ஆரம்பித்தபோது கரண்டியைத் தூக்கினார். நான்காம் நாள் காலை, நான் ஆய்வை எழுத உட்கார்ந்திருக்கையில், காபியைப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"வர்ற மாசம் ஆடிச்சீருக்கு ராசிபுரம் போறமில்ல. அந்தப் பேப்பர்ல ஒரு அஞ்சாறு மிச்சம் வெய்யி."

இரண்டு மாதம் பாடுபட்டு நான் கண்டுபிடித்து எழுதியது இவ்வளவுதான்: எங்கள் பக்கத்தில் உண்மை பேசுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை, அதை எந்த வீட்டில் வைத்துப் பேசுவது என்பதில் மட்டும் எல்லாரும் மிகுந்த கவனமாக இருக்கிறார்கள்.